சந்தேகத்துக்கு எத்தனை மதிப்பெண்?

1901 நவம்பர் 25ஆம் தேதி ஜெர்மனியின் ஃப்ராங்ஃபர்ட் நகர மனநோய் மருத்துவமனையில் ஆகுஸ்டெ டெட்டர் என்ற 51 வயதுப் பெண் சேர்க்கப்பட்டார். கணவர் ரயில்வே எழுத்தர். அவர் சொன்ன புகார்களில் காலத்தால் மூத்தது மனைவியின் சந்தேகம். தன் நடத்தையைப் பற்றி அவள் திடீரென்று சந்தேகப்பட ஆரம்பித்தாள் என்றார். மறதி அதற்குப் பின்னால் வந்தது. பிறகு வீட்டுச் சாமான்களை இங்குமங்கும் இழுத்துப்போய் ஒளித்துவைத்தார். தன்னை யாரோ கொல்ல வருகிறார்கள் என்று கூச்சலிட்டார். மறுநாள் அவரைப் பார்த்த மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர். 1906 ஏப்ரலில் அந்தப் பெண் இறந்ததும் மூளையை வரவழைத்து ஆராய்ந்து, அதே ஆண்டு நவம்பர் 3 அன்று ட்யூபிங்கன் நகரில் நடந்த கூட்டமொன்றில் அல்சைமர் தன் கண்டுபிடிப்பைச் சொன்னார். 1907இல் அச்சான அவருடைய சிறு குறிப்பிலும் நோயின் முதல் அடையாளமாகக் கணவர் மீதான சந்தேகமே வருகிறது. ஆனால் மருத்துவ உலகம் அந்தக் குறிப்பிலிருந்து எடுத்துக்கொண்டது மூளைத் திசுவில் படிந்திருந்த திட்டுகளையும் நரம்பணுக்களுக்குள் முறுக்கிக் கிடந்த இழைகளையும்தான். 1910இல் மனநல மருத்துவர் எமில் கிரெப்பலின் தன் பாடநூலில் இந்த நோய்க்கு அல்சைமரின் பெயரை வைத்தபோது, பெயர் நிலைத்தது. சந்தேகம் ஓரத்துக்குப் போனது.

அந்தப் பெண்ணின் மருத்துவக் கோப்பு 1995இல் ஃப்ராங்ஃபர்ட்டில் மீண்டும் கிடைத்தது. அல்சைமர் கைப்பட எழுதிய பக்கங்கள் அதில் இருக்கின்றன. படுக்கையில் திகைத்த முகத்துடன் உட்கார்ந்திருக்கிறார் என்று ஒரு வரி. மதியம் பன்றி இறைச்சியும் காலிஃபிளவரும் சாப்பிடுகிறார். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால் கீரை என்கிறார் என்று இன்னொரு இடம். கேள்வி, பதில், தட்டில் இருந்த சாப்பாடு, அப்போதைய முகம் எல்லாம் ஒரே பக்கத்தில் கிடக்கின்றன. இப்போது அதே நிலையில் ஒருவரை ஒரு பெரிய மருத்துவமனைக்கு அழைத்துப்போனால், அவருடைய பயமும் கோபமும் சந்தேகமும் ஓர் அட்டவணையில் எண்களாகிவிடும். இந்த மாற்றம் எப்படி வந்தது, அதில் கிடைத்தது என்ன, போனது என்ன என்பதுதான் இங்கே விஷயம். என் வாதம் சுருக்கமானது: டிமென்ஷியா உள்ளவரின் மனநிலையையும் நடத்தையையும் அளக்கும் எந்தக் கருவியும் இரண்டு பேரை அளக்கிறது, நோயாளியையும் அவரைப் பற்றிச் சொல்பவரையும். அந்த இரண்டாம் ஆளை மறந்த இடத்திலெல்லாம் எண் தவறாக வாசிக்கப்பட்டிருக்கிறது.

முதலில், அளப்பது ஏன் இவ்வளவு தாமதமாகத் தொடங்கியது? கேம்பிரிட்ஜில் பணியாற்றிய மனநல மருத்துவரும் வரலாற்றாசிரியருமான ஹெர்மன் பெரியோஸ் இதற்கு ஒரு விளக்கம் தருகிறார். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டிமென்ஷியா என்ற சொல்லுக்குள் இல்லாததை நம்புவது, இல்லாததைக் காண்பது, மனச்சோர்வு எல்லாமே இடம்பெற்றிருந்தன. நூற்றாண்டு முடிவதற்குள் அவை ஒவ்வொன்றாகக் கழற்றப்பட்டு, அறிவாற்றல் இழப்பு, அதிலும் குறிப்பாக மறதி, மட்டுமே நோயின் இலக்கணமாக மிஞ்சியது என்கிறார். இதில் ஒரு வசதியும் இருந்தது. இன்று என்ன தேதி என்ற கேள்விக்கு வரும் பதில் சரியா தவறா என்பதை யார் கேட்டாலும் ஒன்றாகத்தான் சொல்வார்கள். ஒருவர் கோபக்காரராகிவிட்டாரா என்பது யாரைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. அறிவியல் ஆகவேண்டுமென்று துடித்துக்கொண்டிருந்த ஒரு துறை முதல் வகைக் கேள்வியின் பக்கம் சாய்ந்ததில் ஆச்சரியமில்லை. எதிர்க்குரல்கள் இல்லாமலில்லை. 1930களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் டேவிட் ராத்ஸ்சைல்ட், மூளையில் காணும் சேதத்தின் அளவும் உயிரோடிருந்தபோது தெரிந்த நோயின் கடுமையும் பல நேரங்களில் பொருந்தவில்லை என்று எழுதினார்; மனிதரின் சுபாவத்தையும் வாழ்க்கைச் சூழலையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்றார். அது பெரிதாக எடுபடவில்லை.

பிரிட்டனில் மனநல மருத்துவர் மார்ட்டின் ராத் செய்தது வேறு வகை வேலை. முதியவர்களின் மனநோய்களை எல்லாம் மூளை தேய்ந்ததன் விளைவென்று ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருந்த காலத்தில், அவர் மருத்துவமனைக்கு வந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று பின்தொடர்ந்து பார்த்தார். 1955இல் வெளியான அவருடைய ஆய்வில், மனச்சோர்வோடு வந்தவர்களில் பெரும்பாலோர் குணமாகி வீடு திரும்பியிருந்தார்கள். முதுமை மனநோய் (அதாவது டிமென்ஷியா) என்று பதிவானவர்களில் பெரும்பாலோர் இரண்டு ஆண்டுகளில் இறந்திருந்தார்கள். முதியவரின் துயரத்தைத் தனியாக மதிப்பிடுவது அவருடைய உயிர் சம்பந்தப்பட்ட காரியம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அதே ராத், நியூகாஸிலில் கேரி பிளெஸட், பெர்னார்ட் டாம்லின்சன் ஆகியோரோடு சேர்ந்து 1968இல் வெளியிட்ட அளவுகோலில் 22 கேள்விகள் இருந்தன. அதில் பாதி, அதாவது 11, ஆளுமையும் ஆர்வமும் மாறியதைப் பற்றியவை: பிடிவாதம் கூடியிருக்கிறதா, பிறர் மனம் நோகும் என்ற எண்ணம் குறைந்திருக்கிறதா என்பது போல. பின்னால் வந்த ஆய்வாளர்கள் பலர் அந்தப் பாதியை ஒதுக்கிவிட்டு மற்றதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். 1975இல் வந்த ‘மினி மென்டல் ஸ்டேட்’ தேர்வு அந்தப் போக்கை முழுமையாக்கியது. முப்பது மதிப்பெண், பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும், தேதி சொல், மூன்று பொருளை நினைவில் வை, நூறிலிருந்து ஏழேழாகக் கழி, ஒரு வாக்கியம் எழுது, ஒன்றின் மேல் ஒன்று படியும் இரண்டு ஐங்கோணங்களை வரை. மனநிலை பற்றிய கேள்விகளை விட்டுவிட்டதால்தான் ‘மினி’ என்று பெயர் வைத்தோம் என்று அதை உருவாக்கியவர்களே எழுதியிருக்கிறார்கள். விட்டுப்போனதை அவர்கள் அறிந்திருந்தார்கள், பயன்படுத்தியவர்கள் மறந்துபோனார்கள்.

நடத்தை திரும்பி வந்தது ஆய்வுக்கூடம் வழியாக அல்ல, அமெரிக்க முதியோர் பராமரிப்பு இல்லங்களின் வழியாக. அங்கே நாற்காலியோடு கட்டிப்போடுவதும், தூங்கவைக்கும் அளவுக்கு மருந்து கொடுப்பதும் சாதாரணமாகிவிட்டிருந்தன. 1986இல் அமெரிக்க மருத்துவக் கழகம் இல்லங்களின் நிலை பற்றிக் கடுமையான அறிக்கை தந்தது. 1987இல் வந்த சட்டம், ஒழுங்குக்காகவோ ஊழியர் வசதிக்காகவோ ஒருவரைக் கட்டவோ மருந்தால் அடக்கவோ கூடாது என்றது. மருந்து கொடுக்க வேண்டுமானால் இன்ன நடத்தைக்காக என்று எழுத்தில் காட்ட வேண்டியதாயிற்று. எழுத வேண்டுமென்றால் நடத்தைகளுக்குப் பெயர் வேண்டும், எண்ணிக்கை வேண்டும். ஏறக்குறைய அதே வருடங்களில் அளவுகோல்கள் வரிசையாக வந்தது வெறும் தற்செயலென்று எனக்குத் தோன்றவில்லை. ஜிஸ்கா கோஹன்-மான்ஸ்ஃபீல்ட் பராமரிப்பு இல்லங்களுக்காக உருவாக்கிய பட்டியலில் 29 நடத்தைகள்: அடிப்பது, உதைப்பது, ஓயாமல் நடப்பது, கேட்டதையே கேட்பது, பொருளை ஒளித்துவைப்பது, திட்டுவது. கடந்த இரண்டு வாரத்தில் எவ்வளவு அடிக்கடி என்று ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை. நியூயார்க்கில் பேரி ரைஸ்பர்க் குழு 1987இல் வெளியிட்ட அளவுகோல், 57 நோயாளிகளின் பதிவேடுகளைப் படித்து உருவானது. 25 அறிகுறிகள் ஏழு தலைப்புகளில். திருடுகிறார்கள், இது என் வீடில்லை, என்னை விட்டுவிட்டுப் போகப்போகிறார்கள் என்பவற்றோடு, துணைவர் துரோகம் செய்கிறார் என்பதும் அதில் ஒரு தனி வரி. 1988இல் கார்னெல் பல்கலைக்கழகத்திலிருந்து மனச்சோர்வுக்கான 19 கேள்விகள் கொண்ட அளவுகோல் வந்தது. அது பராமரிப்பவரையும் கேட்டது, நோயாளியையும் நேரில் பார்த்தது. இரண்டும் முரண்பட்டால் என்ன செய்வது என்பது மருத்துவர் பொறுப்பு. 1996இல் சர்வதேச முதியோர் மனநல அமைப்பு அமெரிக்காவில் கூட்டிய மாநாடு இவை அத்தனைக்கும் சேர்த்து ஒரு பொதுப் பெயர் வைத்தது: டிமென்ஷியாவின் நடத்தை, உளவியல் அறிகுறிகள். இதெல்லாம் வெறும் சுபாவக் கோளாறு என்றிருந்த நிலை மாறி, ‘அறிகுறி’ என்ற தகுதி கிடைத்தது. இது பெரிய லாபம்.

இவற்றில் அதிகம் புழங்குவது 1994இல் ஜெஃப்ரி கம்மிங்ஸ் குழு வெளியிட்ட நரம்பு-மனநல வினாப்பட்டியல். அது வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். நோயாளியைக் கேட்பதில்லை, அவரை நன்கு அறிந்த ஒருவரைக் கேட்கிறார்கள். தொடக்கத்தில் பத்துப் பகுதிகள். பிறகு தூக்கமும் உணவும் சேர்ந்து பன்னிரண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு வாசல் கேள்வி. உண்மையில்லாத எதையாவது நம்புகிறாரா என்பதற்கு இல்லை என்றால் அடுத்த பகுதிக்குப் போய்விடலாம். ஆம் என்றால் உள்ளே நுழைந்து துருவ வேண்டும்: திருடுகிறார்கள் என்கிறாரா, அழையாத விருந்தாளிகள் வீட்டில் தங்கியிருப்பதாகச் சொல்கிறாரா, தொலைக்காட்சியில் வருபவர்கள் கூடத்தில் உட்கார்ந்திருப்பதாக நினைக்கிறாரா என்று. பிறகு இரண்டு எண்கள். வாரத்துக்கு ஒருமுறைக்கும் குறைவென்றால் 1, நாள்தோறும் என்றால் 4. லேசு என்றால் 1, கடுமை என்றால் 3. பெருக்கினால் அந்தப் பகுதிக்கு அதிகபட்சம் 12. பன்னிரண்டு பகுதிக்கும் சேர்த்து 144. ஒரு மாதத்து வீட்டுக் கலவரம் மூன்று இலக்கத்துக்குள் அடங்கிவிடுகிறது.

அடங்குவது எது, நழுவுவது எது என்று பார்க்க வேண்டும். கடுமை என்பதற்கு 2 போடுவதா 3 போடுவதா என்று தீர்மானிப்பவர் இரவெல்லாம் கண்விழித்துவிட்டு வந்தவராக இருக்கலாம். சத்தம் போடுபவரைப் பற்றிச் சொல்லப் பத்து விஷயம் இருக்கும். மூலையில் பேசாமல் உட்கார்ந்திருப்பவரைப் பற்றி, அவரால் ஒரு தொந்தரவும் இல்லை என்றுதான் பதில் வரும். ஆனால் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், கேச் கவுன்ட்டி மக்களிடையே இதே பட்டியலைக் கொண்டு செய்து 2000இல் வெளியான ஆய்வில், டிமென்ஷியா உள்ளவர்களிடம் அதிகம் காணப்பட்டது எதிலும் ஈடுபாடற்றுப்போன அந்த மௌனம்தான். சுமார் 27 விழுக்காடு. குறிப்பிட்டு ஒவ்வொன்றாகக் கேட்டதால் அது வெளியே வந்தது. 29 நடத்தைகளின் பட்டியலில் அதற்கு இடமே இல்லை. அது கிளர்ச்சியை மட்டும் தேடுவது. தேடுவதைத்தான் கருவி காணும். கம்மிங்ஸ் குழுவே இந்த இரண்டாம் ஆளின் இருப்பை ஒரு கட்டத்தில் ஒப்புக்கொண்டது: 1998இல் ஒவ்வொரு அறிகுறிக்கும் பக்கத்தில், இது உங்களை எவ்வளவு வாட்டுகிறது என்று பராமரிப்பவரைக் கேட்டு 0 முதல் 5 வரை குறிக்கும் ஒரு பத்தி சேர்ந்தது. மொத்த மதிப்பெண்ணில் அதைக் கூட்டக் கூடாது என்பது விதி. நோயாளி ஒரு கணக்கு, பராமரிப்பவர் ஒரு கணக்கு.

இவ்வளவு சந்தேகமென்றால் எண்களே வேண்டாமே, அல்சைமர் போல உட்கார்ந்து எழுதலாமே என்று ஒருவர் கேட்கலாம். அந்தக் கோப்பு அழகானதுதான். ஆனால் அப்படி எழுதப்பட்ட ஆயிரம் கோப்புகளால் ஒரு மருந்து நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியாது. 2005 ஏப்ரலில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், டிமென்ஷியா உள்ள முதியவர்களின் நடத்தைக்காகக் கொடுக்கப்படும் புதுவகை மனநோய் மருந்துகள் மரண அபாயத்தை 1.6 முதல் 1.7 மடங்கு உயர்த்துகின்றன என்று எச்சரித்தது. 17 பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்துச் சொன்ன கணக்கு அது. 2009இல் பிரிட்டிஷ் அரசுக்காகச் சுபே பானர்ஜி தயாரித்த அறிக்கை, அங்கே ஆண்டுக்கு சுமார் 1,80,000 டிமென்ஷியா நோயாளிகளுக்கு இந்த மருந்துகள் தரப்படுகின்றன, அவர்களில் ஏறத்தாழ 36,000 பேருக்கே ஓரளவு பயன், கூடுதல் மரணங்கள் 1,800 என்று மதிப்பிட்டது. இறந்தவர்களை எண்ண அளவுகோல் வேண்டாம். பயன் இவ்வளவு குறைவு என்று சொல்ல அது வேண்டும். நோய் வகையைப் பிரித்தறியவும் இதே கேள்விகள் உதவியிருக்கின்றன. இல்லாத குழந்தைகளையும் விலங்குகளையும் தெளிவாகக் காண்பது லூயி பாடி டிமென்ஷியாவின் முக்கிய அடையாளம். அவர்களில் பலருக்கு மனநோய் மருந்துகள் மிக மோசமாகத் திருப்பி அடிக்கின்றன என்று நியூகாஸில் குழு 1992இலேயே காட்டியது. ஏதாவது தெரிகிறதா என்று கேட்காமல் மருந்து எழுதுவது அங்கே ஆபத்து. ஆகவே எண்களை எதிர்ப்பது என் நோக்கமில்லை.

என் கேள்வி, எண் எதை விளக்குகிறது என்பது. எத்தனை முறை, எவ்வளவு கடுமை என்ற இரண்டையும் கேட்டுவிட்டு, எப்போது, எங்கே, யார் அருகில் இருந்தபோது என்பதைக் கேட்காமல் விட்டால், காரணம் முழுவதும் நோயாளியின் மண்டைக்குள் இருப்பதாக ஒரு தோற்றம் வந்துவிடுகிறது. பிராட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் டாம் கிட்வுட் இதைத்தான் எதிர்த்தார். கேத்லீன் பிரெடினோடு சேர்ந்து அவர் உருவாக்கிய முறையில், பார்வையாளர் பொதுக்கூடத்தில் மணிக்கணக்காக உட்கார்ந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவரும் என்ன செய்கிறார், எப்படி இருக்கிறார் என்று குறிப்பார். ஊழியர் அவரைக் குழந்தைபோல் அதட்டியதையும், அவர் தலைக்கு மேலே இருவர் பேசிக்கொண்டதையும் சேர்த்தே எழுதுவார். மதிப்பெண் இல்லத்துக்கும்தான். கிட்வுட் சில இடங்களில் மிகைப்படுத்துகிறார், மூளைச் சேதத்தைக் குறைத்து மதிப்பிடுகிறார் என்ற குற்றச்சாட்டில் நியாயம் உண்டு. ஆனால் அவர் பார்க்கச் சொன்ன திசை சரியானது. 2011இல் நார்வேயிலிருந்து வந்த ஆய்வு அதற்குக் கனமான சான்று. 18 பராமரிப்பு இல்லங்களில் கிளர்ச்சியான நடத்தை கொண்ட 352 பேர். ஏறத்தாழ பாதிப் பிரிவுகளில் வழக்கமான பராமரிப்பு. மற்றவற்றில் முறைப்படியான வலி சிகிச்சை. பெரும்பாலோருக்குக் கொடுத்தது வெறும் பாராசிட்டமால். எட்டு வாரத்தில், கோஹன்-மான்ஸ்ஃபீல்ட் பட்டியலில் கிளர்ச்சி சராசரியாக 17 விழுக்காடு குறைந்தது. வலி மருந்தை நிறுத்தியதும் மறுபடி ஏறியது. பல்வலியையோ மூட்டுவலியையோ சொல்ல வாயில்லாத ஒருவர் குளிப்பாட்டும்போது கையைத் தட்டிவிடுகிறார். அது ‘அடிப்பது’ என்ற வரியில் பதிவாகிறது. பதிவு தவறில்லை. அதை அறிகுறி என்று மட்டும் வாசிப்பது தவறு.

அதே பட்டியல் பிறகு மருந்துச் சந்தையின் வாசலுக்கும் வந்தது. 2023 மே மாதம், அல்சைமர் டிமென்ஷியாவில் வரும் கிளர்ச்சிக்கென்று பிரெக்ஸ்பிப்ரசோல் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இந்தத் தேவைக்காக அங்கே அனுமதி பெற்ற முதல் மருந்து அதுதான். 29 முதல் 203 வரை போகும் அந்தப் பட்டியலில், ஒரு முக்கியப் பரிசோதனையில் மருந்து எடுத்தவர்களின் மதிப்பெண் 22.6 குறைந்தது, வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கு 17.3. வித்தியாசம் 5.3. அது புள்ளியியல்படி உண்மையான வித்தியாசம், சிலருக்கு நிம்மதியும் தந்திருக்கும். ஆனால் வெற்று மாத்திரையோடு 17 புள்ளிகள் இறங்கியதே, அது ஏன் என்பதுதான் எனக்குச் சுவையான கேள்வி. வந்து பார்க்கிறார்கள், கேட்கிறார்கள், பராமரிப்பவர் தன்னை யாரோ கவனிக்கிறார்கள் என்று உணர்கிறார், சொல்லும் விதம் மாறுகிறது. நாளாக நாளாகத் தானே தணிவதும் உண்டு. மருந்துப் பரிசோதனையின் இலக்கணத்தில் இதெல்லாம் கழிக்க வேண்டிய இரைச்சல்.

நம் பக்கம் இந்தக் கதை இன்னொரு சிக்கலோடு வந்தது. வாக்கியம் எழுது, ஐங்கோணம் வரை என்ற தேர்வு பள்ளிக்கூடம் போகாத முதியவர்களை நோயாளிகள் ஆக்கிவிடும். அதனால் ஹரியானாவின் பல்லப்கரில் நடந்த ஆய்வுக்கு அதை இந்தியில் முழுக்க மாற்றியமைக்க வேண்டியிருந்தது. உலகின் டிமென்ஷியா நோயாளிகளில் மூன்றில் இரண்டு பங்கினர் வாழும் நாடுகளில் பத்தில் ஒரு பங்கு ஆய்வுகூட நடக்கவில்லை என்பதைப் பெயரிலேயே வைத்துக்கொண்ட ‘10/66’ ஆய்வுக் குழு 1998இல் கொச்சியில் உருவானது. சென்னையும் வேலூரும் அதன் களங்கள். நினைவுத் தேர்வோடு குடும்பத்தாரின் வாக்குமூலத்தையும் சேர்த்துப் பார்ப்பது அதன் முறை. கேரளத்தில் கே. எஸ். ஷாஜி குழு பராமரிப்பவர்களோடு பேசியபோது, இந்த நடத்தைகளை நோய் என்று அறியாமல் வேண்டுமென்றே செய்யும் அடமாக எடுத்துக்கொண்டவர்கள் இருந்தார்கள். ‘மருமகள் சோறே போடுவதில்லை’ என்று தெருவில் நின்று சொல்லும் மாமியாரை எடுத்துக்கொள்ளுங்கள். அது பொய்நம்பிக்கையாக இருக்கலாம், சாப்பிட்டதை மறந்ததாக இருக்கலாம், பல் இல்லாததால் மென்று முடிக்க முடியாத பசியாக இருக்கலாம், உண்மையாகவும் இருக்கலாம். அட்டவணையில் நான்குக்கும் ஒரே கட்டம். புற நோயாளிப் பிரிவில் பதில் சொல்ல வந்து உட்கார்ந்திருப்பது மகன். ஊட்டி, துடைத்து, வசவும் வாங்குவது மருமகள். அவளைக் கேட்டால் அவள் குற்றம்சாட்டப்பட்டவள். கேட்காவிட்டால் நடந்தது யாருக்கும் தெரியாது.

இவ்வளவு துருவிக் கேட்க நம் மருத்துவமனைகளில் ஆளும் நேரமும் எங்கே என்பது நியாயமான ஆட்சேபம். மனநல மருத்துவரால் முடியாது. ஆனால் அவர்தான் கேட்க வேண்டும் என்றும் இல்லை. கோவாவில் 81 குடும்பங்களை வைத்து நடத்தி 2008இல் வெளியான ஆய்வில், இதற்கென்று பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள் வீடு வீடாகப் போனார்கள். நோய் என்னவென்று விளக்கினார்கள், எந்த நேரத்தில் என்ன நடக்கிறது என்று கேட்டு யோசனை சொன்னார்கள், தேவைப்பட்டபோது மருத்துவரிடம் அனுப்பினார்கள். ஆறு மாதத்தில், நோயாளிகளின் நடத்தை மதிப்பெண் குறைந்தது புள்ளியியல் பொருட்படுத்தும் அளவுக்கு இல்லை. பராமரிப்பவர்களின் மன உளைச்சலும், அந்த நடத்தைகள் அவர்களை வாட்டும் அளவும் தெளிவாகக் குறைந்திருந்தன. மருந்தாக இருந்தால் முதல் எண்ணைப் பார்த்துத் தோல்வி என்று மூடியிருப்பார்கள். 1998இல் ஓரமாகச் சேர்த்து, மொத்தத்தில் கூட்டாதே என்று சொல்லப்பட்ட அந்தப் பத்தி இல்லாமல் இந்தப் பலன் கண்ணில் பட்டே இருக்காது.